நாவலில் ஒரு கொப்பி: மருந்துக்கடைக்காரி பெயர்களைப் பொலிசுக்குக் கொடுக்க வேண்டுமா?

கைதடியான் (இழையைத் தொடங்கியவர்)

த்ரில்லர் நாவல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். பாதி தாண்டிவிட்டது. இனி எந்தப் பக்கம் திருப்புவது என்று தனியே இருந்து யோசித்துப் பயனில்லை. என்னோடு சண்டை பிடிக்க ஆட்கள் வேண்டும்.

கதை இதுதான். யாழ்ப்பாணத்தில் கொக்குவில் பக்கத்தில், ரயில் பாதைக்குக் கிட்ட ஒரு சின்னப் பாமசி. நடத்துபவள் நாற்பது கடந்த பெண், பதிவு பெற்ற மருந்தாளர். தகப்பனுக்குப் புற்றுநோய், தெல்லிப்பழையில் சிகிச்சை பெற்றுவிட்டு இப்போது வீட்டில் படுக்கையில் இருக்கிறார். 2022 இல் நாட்டில் டொலர் இல்லாமல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது அவளுடைய தட்டுகளும் வெறுமையாகின. இருக்கிற கொஞ்சத்தை யாருக்குக் கொடுப்பது என்று பார்ப்பதற்காக ஒரு கொப்பி போடத் தொடங்கினாள். சட்டம் கேட்கும் பதிவுகள் வேறு, இது அவளுடைய சொந்தக் கொப்பி. நித்திரைக் குளிசை, போதைக்கும் எடுக்கப்படும் வலி மருந்துகளான பிரிகாபலின், ட்ரமடோல் ஆகியவற்றை யார் கேட்டார்கள், எந்த ஊர், என்ன வயது, கொடுத்தாளா மறுத்தாளா, ஏன் என்று ஆளுக்கு ஒரு வரி. தட்டுப்பாடு தீர்ந்த பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை.

ஒரு நாள் விடிய, ரயில் பாதையோரம் ஓர் இளைஞனின் உடல் கிடக்கிறது. காற்சட்டைப் பைக்குள் வெறும் குளிசை அட்டை. கொப்பியில் அவன் பெயர் இரண்டு தடவை இருக்கிறது. இரண்டு தடவையும் ‘மறுத்தேன்’ என்று எழுதியிருக்கிறாள். அன்று பின்னேரம் ஒரு பொலிஸ் அதிகாரி கடைக்கு வந்து கொப்பியைக் கேட்கிறார். அதில் ஒரு பாடசாலை அதிபர் இருக்கிறார், கோயில் தர்மகர்த்தாவின் மனைவி இருக்கிறார், பல்கலைக்கழக மாணவர்கள் இருக்கிறார்கள், அந்த அதிகாரியின் சொந்தத் தம்பியும் இருக்கிறான்.

கொடுக்க வேண்டுமா, மறைக்க வேண்டுமா? அதற்கும் முதல், வயது வந்த ஒருவன் காசு வைத்துக் கேட்கும் பொருளை மறுக்க இவள் யார்? காலையில் எனக்கு ஒரு விடை வருகிறது, மாலையில் இன்னொன்று வருகிறது. சொல்லுங்கள்.

பழைய வாசகன்

தம்பி, முதல் வேலையாகப் பொலிஸ்காரரின் தம்பியைக் கதையை விட்டு வெளியே அனுப்புங்கள். ஊர் வாசிகசாலையில் அட்டை கிழிந்த துப்பறியும் நாவல்களை ஒன்று விடாமல் வாசித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். அதிகாரிக்குச் சொந்தக் காரணம் ஒன்று வந்துவிட்டால் உங்கள் கேள்வி அந்த இடத்திலேயே செத்துவிடும். கெட்டவனிடம் கொப்பியைக் கொடுக்காமல் விடுவதில் என்ன ஒழுக்கச் சிக்கல் இருக்கிறது? வருகிறவர் நேர்மையானவராக இருக்கட்டும். வியாபாரியைப் பிடிக்க வேண்டும் என்ற உண்மையான எண்ணத்தோடு, மரியாதையாக, ‘அக்கா’ என்று கூப்பிட்டுக் கேட்கட்டும். அவரிடம் இல்லை என்று சொல்ல அவளுக்கு மனம் வருமா என்று பாருங்கள்.

இன்னொன்று. செத்தவன் யார் என்பது எனக்குத் தெரியவில்லை. அவனுக்குக் காற்சட்டைப் பை மட்டும்தான் கொடுத்திருக்கிறீர்கள்.

கண்ணாடி அலுமாரி

நான் இதே தொழில் செய்கிறேன், ஊரைச் சொல்லவில்லை. சில விடயங்கள்.

உங்கள் கதாநாயகி செய்வதில் பாதியை நாங்கள் எல்லோரும் செய்கிறோம், கொப்பியில் இல்லை, மண்டைக்குள். பிரிகாபலின் நரம்பு வலிக்குத் தரும் மருந்து. இங்கே அது பெரும்பாலும் நீரிழிவால் கால் எரிகிறவர்களுக்கு எழுதப்படுகிறது. அவர்களுடைய துண்டில் மெட்போமின் இருக்கும், பிரஷர் குளிசை இருக்கும், கொலஸ்ட்ரோலுக்கு ஒன்று இருக்கும். இருபது வயதுப் பையன் ஒருவன் பிரிகாபலின் 150 மட்டும் எழுதிய துண்டோடு வந்து, துண்டை நீட்டும் முன்பே கப்சூலின் நிறத்தைச் சொல்வான். துண்டின் எழுத்து அச்சடித்ததுபோல் தெளிவாக இருக்கும். எந்த டொக்டர் அப்படி எழுதுகிறார்? இதை உங்கள் நாவலில் ஒரு பக்கம் எழுதுங்கள். அவள் முதலில் துண்டைப் பார்க்க மாட்டாள், கையைப் பார்ப்பாள்.

மறுப்பது எப்படி என்பதையும் எழுதுங்கள். ‘தரமாட்டேன்’ என்று நாங்கள் சொல்வதில்லை. ‘ஸ்டொக் முடிந்துவிட்டது, தம்பி’ என்றுதான் சொல்வோம். கடை பூட்டும் நேரத்தில் தனியே நிற்கும் பெண் வேறு என்ன சொல்ல முடியும்? ‘மறுத்தேன்’ என்று கொப்பியில் எழுதும் அவள், வாயால் பொய்தான் சொல்லியிருப்பாள்.

தகப்பனுக்கு மோர்பின் கொடுப்பதாக எழுதப்போகிறீர்கள் என்றால், அவளுடைய கடைத் தட்டிலிருந்து எடுத்துக் கொடுக்க வைக்காதீர்கள். அப்படிப்பட்ட சந்திக் கடையில் அது இருக்காது. வைத்தியசாலை வழியாகத்தான் வீட்டுக்கு வரும்.

ஸ்காபரோ மருமகன்

எனக்கு இந்தப் பெண்ணைப் பிடிக்கவில்லை. மன்னிக்கவும்.

கனடாவில் 2018 ஒக்டோபரிலிருந்து கஞ்சா சட்டபூர்வமானது. வயது வந்த ஒருவர் 30 கிராம் வரை பையில் வைத்துக்கொண்டு தெருவில் நடக்கலாம். வானம் இடிந்து விழவில்லை. போர்த்துக்கலில் 2001 முதல் சொந்தப் பாவனைக்கான சிறு அளவு எந்தப் போதைப்பொருளாக இருந்தாலும் அதை வைத்திருப்பது குற்றவியல் குற்றம் இல்லை. அங்கே ஆளை நீதிமன்றத்துக்குப் பதிலாக ஆலோசனைக் குழு ஒன்றின் முன் அனுப்புகிறார்கள். என் உடம்புக்குள் என்ன போகிறது என்பதை நான் தீர்மானிக்க வேண்டும். மருந்துக்கடை அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்துத் தீர்மானிக்கக் கூடாது.

இந்தக் கேள்வி புதிதும் இல்லை. ஜோன் ஸ்டுவர்ட் மில் 1859 இல் நஞ்சு விற்பனையைப் பற்றியே எழுதியிருக்கிறார். பிறருக்குத் தீங்கு வராதவரை ஒருவரின் நன்மைக்காக என்று சொல்லி அவரைத் தடுக்கக் கூடாது என்பது அவருடைய அடிப்படை. சீனாவுக்கு அபின் போவதைத் தடுப்பதுகூட வாங்குபவனின் சுதந்திரத்தில் கைவைப்பது என்று அவர் வாதாடினார். தடைக்குப் பதிலாக அவர் சொன்ன வழி, கடைக்காரர் ஒரு பதிவேடு வைக்க வேண்டும் என்பது. வாங்கியவரின் பெயர், முகவரி, நேரம், அளவு, என்ன தேவைக்கு என்று கேட்டு அவர் சொன்ன பதில். பிறகு குற்றம் நடந்தால் பிடிக்கலாம், இல்லாவிட்டால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. உங்கள் நாயகி பதிவேட்டை எடுத்துக்கொண்டாள், சுதந்திரத்தை விட்டுவிட்டாள். எழுதியும் வைக்கிறாள், மறுக்கவும் செய்கிறாள். அவள் மறுத்ததால்தான் அந்தப் பையன் வேறு எங்கோ போய்ச் செத்தான் என்று நாவல் சொல்லத் துணியுமா?

தொண்டைமானாறு

மருமகன் சொன்ன ‘வேறு எங்கோ’ எங்கள் கரைதான் என்று நினைக்கிறேன். அதனால் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன், படகுக்காரனை வில்லனாக்கிவிடாதீர்கள். வடக்கைப் பற்றிப் போதைக்கதை எழுதுகிற எல்லோரும் இருட்டில் ஒரு பிளாஸ்டிக் படகு, கேரள கஞ்சாப் பொதி, தூரத்தில் கடற்படையின் வெளிச்சம் என்று தொடங்குகிறார்கள்.

2020 இல் மஞ்சள் இறக்குமதியை நிறுத்தினார்கள். ஒரே இரவில் சமையலறை மஞ்சள் கடத்தல் பொருளாகிவிட்டது. அந்த வருடமும் அடுத்த வருடமும் கரைகளில் பிடித்ததில் கஞ்சா ஒரு பக்கம், மஞ்சள் மூட்டை ஒரு பக்கம், பீடி இலை ஒரு பக்கம். படகு ஒன்றுதான், கடல் ஒன்றுதான், கொண்டுவந்தவனும் பல நேரங்களில் ஒருவன்தான். சரக்கு நல்லதா கெட்டதா என்று அவனுக்குக் கொழும்பிலிருந்து வரும் வர்த்தமானி சொல்கிறது. ஒழுக்கம் பற்றி நாவல் எழுதுகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

இழுவைமடி மீன்பிடியை 2017 இல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். எங்கள் வலைகளை அறுக்கும் இந்திய இழுவைப் படகுகள் அந்தச் சட்டத்தை வாசிக்கவில்லை. வலை அறுந்து வட்டிக்குக் கடன் வாங்கியவன் ஒரு இரவுக்கூலிக்குப் போவதை நான் நியாயப்படுத்தவில்லை. போனால் பிடிபடுகிறவன் அவன்தான், பொதியின் சொந்தக்காரன் கரைக்கு வருவதே இல்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

கறுப்புக் கோட்டு

சட்டத்தைக் கொஞ்சம் நேராக்கிவிடுகிறேன், பிறகு சண்டை பிடியுங்கள்.

அடிப்படைச் சட்டம் 1929 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்க நச்சுப்பொருட்கள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம். 1984 இல் அதைத் திருத்தி, ஹெரோயின் இரண்டு கிராம் அல்லது அதற்கு மேல், மோர்பின் மூன்று கிராம் அல்லது அதற்கு மேல் என்றால் மரணதண்டனை அல்லது ஆயுட்சிறை என்று வைத்தார்கள். 2022 திருத்தத்தில் ஐஸ் போதைப்பொருளும் சேர்ந்தது; ஐந்து கிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் அதே தண்டனை. தூக்கு 1976 க்குப் பிறகு நிறைவேற்றப்படவில்லை. 2019 இல் அப்போதைய ஜனாதிபதி நால்வருக்கான உத்தரவில் கையொப்பமிட்டதாகச் சொன்னார், உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

நாவலுக்கு உதவுகிற பகுதி இது. பொலிஸ் பிடித்தது எத்தனை கிராம் என்பதோடு வழக்கு நிற்பதில்லை. மாவும் சீனியும் கலந்த பொதியில் தூய போதைப்பொருள் எவ்வளவு என்று அரச பகுப்பாய்வாளர் சொல்ல வேண்டும். அந்த அறிக்கை வரும்வரை சந்தேக நபர் விளக்கமறியலில் தவணைக்குத் தவணை போய் வருவார். தாய் ஒவ்வொரு தவணைக்கும் பஸ்ஸில் வந்து நீதிமன்ற வளவில் நிற்பார். த்ரில்லர்கள் இந்தக் காத்திருப்பை ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன.

மருந்துகளின் தரம், பதிவு, பாமசி அனுமதி எல்லாம் வேறு சட்டம், 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கம். அதன்கீழ் மருந்துப் பரிசோதகர் கடைக்குள் வந்து இருப்பையும் பதிவுகளையும் பார்க்கலாம். ஆனால் உங்கள் நாயகியின் கொப்பி எந்தச் சட்டமும் கேட்காத கொப்பி. அதிகாரி வாயால் கேட்கும்போது, நீதவானின் கட்டளை இருக்கிறதா என்று அவள் கேட்கலாம். அவர் அதைப் பெற்று வர எடுக்கும் நேரம்தான் உங்கள் நாவலின் நீளம்.

பெயர் வேண்டாம்

நான் இந்தக் களத்தில் எழுதுகிறவள் இல்லை. சமையல் பகுதியை மட்டும் வாசிப்பேன். தலைப்பைப் பார்த்து உள்ளே வந்தேன்.

என் மகன் கிணற்று மோட்டரைக் கழற்றி விற்றவன். காலையில் எழுந்து சுவிட்சைப் போடுகிறேன், சத்தம் இல்லை. போய்ப் பார்த்தால் குழாய் மட்டும் நிற்கிறது, நட்டுகளைக் கவனமாகக் கழற்றி ஒரு சிரட்டைக்குள் போட்டு வைத்திருக்கிறான். அவ்வளவு ஒழுங்கான பிள்ளை. அன்று வாளியால் அள்ளித்தான் குளித்தோம், அவனும் குளித்தான்.

அவனுடைய போட்டோவைப் பிரதி எடுத்துக்கொண்டு பாமசி பாமசியாக ஏறி இறங்கினேன். இவனுக்குக் கொடுக்காதீர்கள் என்று கும்பிட்டேன். சிலர் வாங்கி மேசைக்குள் வைத்தார்கள். ஒருவர் வாங்கவில்லை, ‘வயது வந்த ஆள், அம்மா, நான் என்ன செய்ய’ என்றார். அவர் சொன்னது சட்டப்படி சரியாக இருக்கலாம். நான் இன்றுவரை அந்தக் கடைக்குள் போவதில்லை.

சுதந்திரம் என்று எழுதுகிற தம்பிக்கு ஒன்று கேட்கிறேன். அவன் கேட்டபோது கேட்டது அவனா, அந்தக் குளிசையா? எனக்கு அந்தக் கொப்பிக்காரியைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.

ஸ்காபரோ மருமகன்

அம்மா, உங்களுக்குப் பதில் எழுதும் தகுதி எனக்கு இல்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். நீங்கள் கேட்டதை மில்லும் தன் வழியில் கேட்டிருக்கிறார். தன்னைத்தானே அடிமையாக விற்கும் சுதந்திரம் ஒருவனுக்குக் கிடையாது என்றார். போதையை அந்தக் கணக்கில் சேர்க்கலாமா என்பதில்தான் அவருக்குப் பின் வந்தவர்கள் பிரிகிறார்கள்.

நல்லூர் மணி

எவ்வளவு நீட்டுகிறீர்கள்! இயக்கம் இருந்த காலத்தில் இந்த ஐஸும் இல்லை, போதைப்பாக்கு மாவாவும் இல்லை. பயம் இருந்தது. பயம் போனதும் எல்லாம் வந்தது. நாவலில் இதை எழுதத் தைரியம் இருக்கிறதா?

பழைய வாசகன்

மணி, எண்பதுகளின் நடுப்பகுதியில் எனக்கு மீசை முளைத்திருந்தது, நான் பார்த்ததைச் சொல்கிறேன். சமூக விரோதி என்று எழுதிய மட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டு மின்கம்பத்தில் கட்டியிருந்தார்கள். ஒரு இயக்கம் மட்டும் செய்ததில்லை அது. அந்தப் பிணங்களில் கசிப்புக் காய்ச்சியவன் இருந்தான், ஆடு திருடியவன் இருந்தான், யாரோ கோபத்தில் பெயர் கொடுத்தவனும் இருந்தான். விசாரணை எங்கே நடந்தது, யார் விசாரித்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. பாடசாலைக்குப் போகிற பிள்ளைகள் அந்தக் கம்பத்தைச் சுற்றிக்கொண்டு போனார்கள். போதை குறைவாக இருந்தது உண்மையென்றே வைத்துக்கொள்வோம். அந்த விலைக்கு எனக்கு வேண்டாம்.

மட்டுறுத்துநர்

நடப்பு வழக்குகளில் உள்ளவர்களின் பெயர்கள் குறிப்பிடப்பட்ட இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டுள்ளன. நாவலைப் பேசுங்கள்.

கைதடியான்

மில் சொன்ன பதிவேட்டைப் பற்றிக் கொஞ்சம் நேரம் எடுத்து எழுதுகிறேன். என் நாவல் அங்கேதான் நிற்கிறது என்று மருமகனின் பதிவை வாசித்தபோது தெரிந்தது.

இலண்டனில் இருந்த ஒருவர் பெயரையும் முகவரியையும் எழுதிக்கொடுப்பதைச் சின்ன இடைஞ்சல் என்று நினைத்திருக்கிறார். 1851 இலேயே அங்கே ஆர்சனிக் வாங்குபவர் பெயர் பதிய வேண்டும் என்று சட்டம் இருந்தது. அவருடைய ஊரில் அந்தப் பட்டியல் கடைக்காரரின் மேசைக்குள் கிடக்கும், கொலை நடந்தால் மட்டும் வெளியே வரும். எங்கள் ஊரில் பட்டியல் மேசைக்குள் கிடந்ததே இல்லை. வீட்டுக்கு வீடு பதிவு எடுத்தார்கள். இரவு தங்க வந்த சித்தப்பாவின் பெயரை ஏன் பதியவில்லை என்று கேட்டார்கள். சுற்றிவளைப்பு நாட்களில் ஊரையே வரிசையில் விட்டு, முகம் மூடிய தலையாட்டி ஒருவனின் முன்னால் நடக்கவைத்தார்கள். அவன் தலை அசைத்தால் அந்த ஆள் தனி வரிசைக்குப் போனார். அப்படிப் போன பலர் திரும்பவில்லை. அவர்களுடைய தாய்மார் இன்னும் தெருவோரக் கொட்டகைகளில் படத்தோடு இருக்கிறார்கள். நாற்பது கடந்த என் நாயகி இவை எல்லாவற்றையும் பிள்ளையாக நின்று பார்த்தவள். அவள் கையால் அவளே ஒரு பட்டியல் எழுதியிருக்கிறாள். நல்ல எண்ணத்தோடு எழுதினாள் என்பது பட்டியலுக்குத் தெரியாது.

பழைய வாசகன் ஐயா சொன்னபடி அதிகாரியின் தம்பி போய்விட்டான். அதிகாரி நேர்மையானவர். அவர் கேட்பது செத்தவனுக்கு விற்றவனைப் பிடிக்க. ஆனால் கொப்பி ஒரு தடவை பொலிஸ் நிலையத்துக்குள் போனால் அடுத்த அதிகாரியும் அதை வாசிப்பார். 2023 டிசம்பரில் தொடங்கிய யுக்திய என்ற போதை ஒழிப்புப் பொலிஸ் நடவடிக்கையில் ஆயிரக்கணக்கில் பிடித்தார்கள். பிடியாணை இல்லாத கைதுகள் பற்றி ஐ.நா. மனித உரிமை நிபுணர்களே கவலை தெரிவித்தார்கள். என் கதை அந்த மாதத்தில் நடக்கிறது.

மணி அவர்களுக்கு: எழுதுகிறேன். நாயகியின் தகப்பன் நீங்கள் சொன்ன அதே வசனத்தைப் படுக்கையில் கிடந்து சொல்கிறார். அவள் பதில் சொல்வதில்லை, தலையணையை மாற்றுகிறாள்.

கண்ணாடி அலுமாரி

அழகாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் நான் ஒத்துக்கொள்ளவில்லை.

பட்டியல் என்றதும் எல்லோருக்கும் தலையாட்டி ஞாபகம் வருகிறது, எனக்கு மீளப்பெறல் ஞாபகம் வருகிறது. ஒரு தொகுதி மருந்து பிழை என்று அறிவித்தல் வந்தால், அதை வாங்கிக்கொண்டு போனவர்கள் யார் என்று எனக்குத் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் அறிவித்தலைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டு நிற்க வேண்டியதுதான். 2023 இல் தரமற்ற இம்யூனோகுளோபுலின் ஊசிமருந்து வைத்தியசாலைகளுக்குப் போன விவகாரத்தில் 2024 பெப்ரவரியில் முன்னாள் சுகாதார அமைச்சரையே கைதுசெய்தார்கள். மேலே இருந்த பூட்டு அவ்வளவு இலகுவாகத் திறந்தது. அப்படிப்பட்ட நாட்டில், கீழே மேசையில் ஒருத்தி கவனமாக எழுதிவைக்கும் கொப்பி எவ்வளவு பெறுமதியானது என்று யோசியுங்கள்.

கட்டுப்பாடு என்றாலே சுதந்திரத்துக்கு எதிரி என்று மருமகன் பேசுகிறார். பேராசிரியர் சேனக பிபிலே எழுபதுகளில் செய்ததும் கட்டுப்பாடுதான். அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் 1971 இல் வந்தது. நூற்றுக்கணக்கான வணிகப் பெயர்களில் வந்த மருந்துகளைக் குறைத்து, பொதுப் பெயரில் மொத்தமாக, மலிவாக வாங்கினார்கள். கம்பனிகள் அதைத் தங்கள் சுதந்திரத்தில் தலையிடுவதாகத்தான் சொல்லின. மீசாலையில் இருக்கும் ஆச்சிக்குப் பிரஷர் குளிசை வாங்க முடிவது அந்தத் தலையீட்டால்.

அம்மாவுக்கு: எனக்கும் படம் தந்திருக்கிறார்கள். லாச்சிக்குள் இருக்கிறது. அந்தப் பிள்ளை கடைக்கு வந்தால், படத்தைப் பார்த்த கண்ணால்தான் அவரைப் பார்க்கிறேன். அவர் பனடோல் கேட்டாலும் என் கை தயங்குகிறது. இது சரியா என்று கேட்டால் தெரியவில்லை. லாச்சியிலிருந்து எடுக்கவும் மாட்டேன்.

பெயர் வேண்டாம்

எடுக்காதீர்கள், பிள்ளை.

கறுப்புக் கோட்டு

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 2007 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டப்படி போதைக்கு அடிமையானவரை நீதிமன்றக் கட்டளையோடு கட்டாயச் சிகிச்சைக்கு அனுப்பலாம். அம்மாவின் இடத்தில் இருக்கும் பலர் அதைத்தான் கேட்டு வருகிறார்கள். ஆனால் கந்தகாட்டுப் போதைப் புனர்வாழ்வு நிலையத்தில் 2022 ஜூனில் உள்ளே ஒருவர் இறந்து, நூற்றுக்கணக்கானோர் வேலியை உடைத்துக்கொண்டு ஓடினார்கள். அந்த நிலையத்தை நடத்திய அதே புனர்வாழ்வுப் பணியகம்தான் 2009 க்குப் பிறகு முன்னாள் போராளிகளையும் வைத்திருந்தது. அதே ஆண்டில் வந்த புனர்வாழ்வுப் பணியகச் சட்டமூலத்தில் போதைக்கு அடிமையானவர்களோடு முன்னாள் போராளிகளையும் வேறு ஆட்களையும் ஒரே வகைக்குள் போட்டிருந்தார்கள். உயர் நீதிமன்றம் அதை அப்படியே நிறைவேற்ற முடியாது என்று சொன்ன பிறகே திருத்தி 2023 இல் நிறைவேற்றினார்கள். நாவலாசிரியர் கொப்பியின் பக்கங்கள் எங்கே போய்ச் சேரும் என்று தேடினால், அந்த வேலி ஒரு இடம்.

கொப்பியை எரித்தால் என்ன என்று தனிமடலில் கேட்டிருந்தீர்கள், இங்கேயே சொல்கிறேன். குற்றம் நடந்தது தெரிந்தும் சாட்சியத்தை அழிப்பது தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம். அவள் அடுப்பில் போட்டால் கதாநாயகி ஆகலாம், மருந்தாளராக இருக்க முடியாது.

அதைவிடப் பெரிய சிக்கல் உங்கள் கதையிலேயே இருக்கிறது, நீங்கள் அதைத் தொடவில்லை. தகப்பன் இறந்துபோகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய மோர்பின் குளிசைகள் மிஞ்சியிருக்கும். துண்டு அவர் பெயரில். அவர் இப்போது இல்லை. கொப்பியைத் தேடி வருகிறவர்கள் அலுமாரியைத் திறந்தால் அவை யாருடையவை?

கண்ணாடி அலுமாரி

கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாயால் எடுக்கும் சாதாரண மோர்பினை நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை கொடுப்பார்கள். கடும் வலியில் இருக்கும் ஒருவருக்கு ஒரு தடவைக்கு முப்பது மில்லிகிராம் வரை போயிருக்கலாம். ஒரு நாளுக்கு நூற்றெண்பது. பத்து மில்லிகிராம் குளிசை என்றால் நாளுக்குப் பதினெட்டு. சட்டத்தரணி சொன்ன மூன்று கிராம் என்பது முந்நூறு குளிசை, அதாவது இரண்டரைக் கிழமைக்குக் கொஞ்சம் குறைவான மருந்து. கிளினிக்கிலிருந்து ஒரு மாதத்துக்கு எடுத்து வந்து, முதல் கிழமையிலேயே அவர் இறந்துவிட்டால் அந்த அளவு அலுமாரிக்குள் தாராளமாக இருக்கும்.

ஒரு மகள் தகப்பனின் வலியைக் குறைக்க வாங்கிவந்ததும், தூக்குக் கயிற்றின் அளவும் ஒரே பெட்டிக்குள். எனக்கே எழுதும்போது கை குளிர்கிறது. 1961 இன் சர்வதேச ஒப்பந்தத்தின் முகவுரையிலேயே வலிக்கு இந்த மருந்துகள் இன்றியமையாதவை என்று எழுதியிருக்கிறார்கள். அதே ஒப்பந்தத்தின் பெயரால்தான் உலகத்தின் பாதி இடங்களில் டொக்டர்கள் மோர்பின் எழுதப் பயப்படுகிறார்கள்.

தொண்டைமானாறு

அப்படியென்றால் நாவலில் இரண்டு கிராம்காரனும் மூன்று கிராம்காரியும் ஒரே விளக்கமறியல் பஸ்ஸில் ஏறலாம். படகுக்காரனுக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டேன், நன்றி சொல்லுங்கள்.

ஸ்காபரோ மருமகன்

நான் என் நிலைப்பாட்டை மாற்றவில்லை. வீட்டில் மிஞ்சிய மருந்துக்காக ஒரு பெண் பயப்பட வேண்டிய சட்டம் என்றால், அந்தச் சட்டம்தான் வில்லன். கொப்பியை அதன் கையில் கொடுக்காதீர்கள்.

நல்லூர் மணி

கொடுத்தால் விற்றவனைப் பிடிக்கலாம். கொடுக்காவிட்டால் அடுத்த பிள்ளை. இதில் என்ன யோசனை?

கைதடியான்

பெட்டியை அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். தகப்பன் பதினோராம் அத்தியாயத்தில் இறக்கிறார், அதிகாரி பன்னிரண்டில் நீதவானின் கட்டளையோடு வருகிறார். கொப்பியைக் கொடுப்பதா என்ற கேள்வியோடு அவள் இரவு முழுக்க இருக்கிறாள். பக்கத்தில் பெட்டி இருக்கிறது என்பது வாசகருக்குத் தெரியும், அவளுக்கு விடியும்வரை ஞாபகம் வராது. செத்த வீட்டில் யாருக்கு ஞாபகம் வரும்?

அவள் கொப்பியைக் கொடுக்கிறாள். ஆனால் முழுதாக இல்லை. இரவு இருந்து செத்தவனுடைய இரண்டு வரிகளையும், அவனை அனுப்பியவன் என்று அவள் சந்தேகப்பட்ட ஒருவனுடைய வரிகளையும் வேறு தாளில் பார்த்து எழுதி, கையொப்பம் வைத்து, அதைக் கொடுக்கிறாள். மிச்சக் கொப்பியை நீதவானிடம்தான் கொடுப்பேன் என்கிறாள். மணிக்கும் பிடிக்காது, மருமகனுக்கும் பிடிக்காது. எனக்குப் பிடித்திருக்கிறது.

செத்தவனைப் பற்றிப் பழைய வாசகன் ஐயா கேட்டிருந்தார். அம்மாவின் சிரட்டைக்குள் இருந்த நட்டுகளை நாவலில் எடுத்துக்கொள்ள அனுமதி தருவீர்களா? அவனும் கழற்றியதை ஒழுங்காக வைக்கிற பையன் என்று எழுத விரும்புகிறேன்.

பெயர் வேண்டாம்

எடுத்துக்கொள்ளுங்கள். ஊரை மட்டும் மாற்றுங்கள்.

கறுப்புக் கோட்டு

நீதவானின் கட்டளை முழுக் கொப்பிக்கும் என்றால், பகுதியைப் பிரதி எடுத்துக் கொடுப்பது போதாது. கட்டளையின் வாசகத்தைக் கவனமாக எழுதுங்கள். ‘இறந்தவர் தொடர்பான பதிவுகள்’ என்று இருந்தால் உங்கள் முடிவு நிற்கும். அந்த ஒரு வரியை எழுதித் தரும்படி அதிகாரியே நீதவானிடம் கேட்டிருந்தால் பழைய வாசகனுக்கு அவரைப் பிடிக்கும்.

பழைய வாசகன்

பிடிக்கும். பன்னிரண்டாம் அத்தியாயத்தைச் சுருக்கமாக வையுங்கள், பேச்சுக் கூடிவிடப் போகிறது.

கண்ணாடி அலுமாரி

அத்தியாயம் முடிந்ததும் அனுப்புங்கள், மருந்துப் பகுதியை நான் பார்க்கிறேன். தகப்பனுக்கு மோர்பின் தொடங்கிய நாளிலிருந்து மலம் இளக்கும் மருந்தும் கொடுக்க வேண்டும், அதை மறக்காதீர்கள். அந்தப் போத்தல் இல்லாமல் மோர்பின் பெட்டி மட்டும் இருக்கும் அலுமாரியை எந்த மருந்தாளரும் நம்ப மாட்டார்.